எஃகில் மின்சாரத்தின் வழி



ஒரே எஃகுக் கம்பியிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி எடுத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே உலையில் இட்டுச் செந்தணலாகக் காய்ச்சுவோம். ஒன்றை வெளியே எடுத்த அக்கணமே குளிர்ந்த நீரில் தோய்த்துவிடுவோம். மற்றொன்றை உலையிலேயே விட்டுவைத்து, நெருப்பு அவிந்து, சாம்பலுக்குள்ளே மெல்ல மெல்ல ஆறும்படி செய்வோம். பிறகு இரண்டையும் துடைத்து அருகருகே வைத்துப் பார்த்தால் எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. நிறுத்துப் பார்த்தாலும் எடை ஒன்றாகவே இருக்கும். ஆனால் அரத்தை எடுத்து ராவிப் பார்த்தால் வேற்றுமை உடனே புலப்படும். மெல்ல ஆறிய துண்டு அரத்துக்கு இணங்கும். நீரில் தோய்ந்த துண்டின்மேல் அரம் வழுக்கிக்கொண்டு போகும்.

இது நம் ஊர்க் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்துள்ள செய்தி. அரிவாளுக்கும் உளிக்கும் அவர்கள் தோய்ச்சல் கொடுப்பது இதை நம்பித்தான். ஆனால் அரத்துக்குப் புலப்படாத மற்றொரு வேற்றுமையும் இவ்விரு துண்டுகளுக்கும் இடையே உண்டு. இரண்டிலும் மின்சாரத்தைச் செலுத்தி அளந்து பார்த்தால், கரி மிகுந்த எஃகாக இருக்கும் பட்சத்தில், நீரில் தோய்ந்த துண்டு மற்றதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடை காட்டுகிறது. உள்ளே சேர்த்தது ஒன்றுமில்லை. வெளியே எடுத்ததும் ஒன்றுமில்லை. அப்படியிருக்க, மின்சாரம் செல்லும் வழி மட்டும் ஏன் இவ்வளவு கடினமாகிவிட்டது? இக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மின்சாரத்தைக் கொண்டுசெல்லச் செம்பும் அலுமினியமும் இருக்கும்போது எஃகின் கடத்துந்திறனைப்பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். 1851-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டைமண்டு ஹார்பருக்கும் இடையே ஓஷானெஸ்ஸி என்பவர் அமைத்த தந்திப் பாதையில் செய்தியைச் சுமந்து சென்றது இரும்பே. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு நம் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. அன்று மேலே தொங்கிய கம்பியின் வழியாக வந்த மின்சாரம் திரும்பிச் சென்றது, சக்கரங்களுக்கு அடியில் கிடந்த எஃகுத் தண்டவாளங்களின் வழியாக. இன்றும் அப்படியேதான். ஆகவே எஃகில் மின்சாரம் எவ்வாறு செல்கிறது என்பது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அன்று.

முதலில் எஃகு என்பது யாது என்று பார்ப்போம். எஃகு என்பது சிறிதளவு கரி கலந்த இரும்பு. கார்பன் என்று நூல்களில் படிக்கும் அதே பொருளைத்தான் இங்கே கரி என்கிறேன். நூறு பங்கு எஃகில் கரி ஒரு பங்கு இருந்தாலே அது மிகவும் கடினமான எஃகாகிவிடும். இந்தச் சிறு பங்கு இரும்புக்குள்ளே எங்கே, எந்த நிலையில் தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே எஃகின் குணங்கள் பெரும்பாலும் அமைகின்றன.

இரும்பின் அணுக்கள் சிப்பாய்களின் அணிவகுப்பைப்போல் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்த அணிவகுப்பு ஒரே விதமாக எப்போதும் இருப்பதில்லை. தூய இரும்பை 912 டிகிரி சென்டிகிரேடுக்குமேல் காய்ச்சினால் வரிசை மாறுகிறது. மாறிய அந்த வரிசையில் அணுக்களுக்கு நடுவே உள்ள இடுக்குகள் சற்றே அகலமானவை. ஆகையால் கரியின் அணுக்கள் அவற்றுள் தாராளமாகப் புகுந்து கரைந்துவிடுகின்றன. நூற்றுக்கு இரண்டு பங்குவரை கரி அவ்வாறு கரைய முடியும். பாலில் சர்க்கரை கரைவதைப்போல், கெட்டியாக இருக்கும் இரும்பினுள்ளேயே கரி கரைகிறது. ஆனால் இரும்பு குளிர்ந்து தன் பழைய வரிசைக்குத் திரும்பும்போது அந்த இடம் இல்லாமற்போகிறது. 727 டிகிரியில் பழைய வரிசை ஏற்கக்கூடிய கரி நூற்றுக்கு 0.02 பங்குதான். அறையின் வெப்பத்திலோ அது இல்லை என்றே சொல்லிவிடலாம்.

அப்படியானால் குளிரும்போது கரி எங்கே போகும்? அவகாசம் கொடுத்தால் அது கூடி ஒதுங்குகிறது. ஒவ்வொரு கரி அணுவும் மூன்று இரும்பு அணுக்களைப் பிடித்துக்கொண்டு, இரும்புக் கார்பைடு என்னும் தனிப்பொருளாக அமைகிறது. கார்பைடு என்றதும் மாம்பழத்தைப் பழுக்கவைக்கச் சிலர் பயன்படுத்தும் கல் நினைவுக்கு வரலாம். அது சுண்ணாம்போடு உறவுடையது, வேறு பொருள். நாம் பேசுவது இரும்பும் கரியும் கூடிய, கண்ணாடிபோல் கடினமும் நொறுங்கும் தன்மையும் உள்ள பொருள். மெல்ல ஆறிய எஃகை மெருகிட்டு அமிலத்தில் நனைத்து நுண்பெருக்கியின் அடியில் வைத்தால், இரும்பும் கார்பைடும் மாறி மாறிப் புத்தகத்தின் ஏடுகளைப்போல் அடுக்கியிருப்பதைக் காணலாம். முத்துச்சிப்பியின் உட்புறத்தைப்போல் மின்னுவதால் இவ்வமைப்புக்குப் பேர்லைட்டு என்று பெயர் வந்தது.

அவகாசமே கொடுக்காமல் நீரில் தோய்த்துவிட்டாலோ? இரும்பு தன் வரிசையை ஒரு நொடிக்குள் மாற்றிக்கொள்கிறது. கரிக்கு நகர நேரமில்லை. இருந்த இடத்திலேயே அது அகப்பட்டுக்கொள்கிறது. இடம் போதாத இடுக்கில் சிக்கிய ஒவ்வொரு கரி அணுவும் தன்னைச் சுற்றியுள்ள இரும்பு அணுக்களை நெருக்கித் தள்ளுகிறது. சதுரமாக இருக்கவேண்டிய இரும்பின் கட்டம் ஒரு பக்கமாக நீண்டு கோணிப்போகிறது. ஃபிங்க், கேம்பெல் என்னும் இருவர் 1926-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த நீட்சியைக் கண்டறிந்தனர். மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயரால் மார்ட்டன்சைட்டு என்று வழங்கும் அமைப்பு இதுவே. தோய்ந்த எஃகின் கடினத்துக்கும் இதுவே காரணம். மின்தடை மிகுவதற்கும் இதுவே காரணம்.

மின்தடைக்கு வருவோம். உலோகத்தில் மின்சாரம் செல்வதென்பது எலெக்ட்ரான்கள் நகர்வதே. அணுக்களின் வரிசை சிறிதும் பிழையின்றி, அசைவின்றி இருக்குமானால் எலெக்ட்ரான் எவ்விதத் தடையுமின்றி அதனூடே செல்லும் என்று 1928-ஆம் ஆண்டில் ஃபெலிக்ஸ் பிளாக் கணித வாயிலாகக் காட்டினார். தடை உண்டாவது வரிசையில் ஏற்படும் பிழைகளால். வெப்பத்தால் அணுக்கள் நடுங்குவது ஒரு வகைப் பிழை. வேற்று அணுக்கள் இடையே புகுந்திருப்பது இன்னொரு வகை. இவ்விரண்டும் தனித்தனியே தடையைக் கூட்டுகின்றன என்பதை மத்தீசன் என்பவர் 1860-களிலேயே பல உலோகங்களை அளந்து கண்டிருந்தார்.

ஊர்ச் சந்தைக்குச் செல்லும் சாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூறு வண்டிகள் அந்தச் சாலையில் நிற்கின்றன. பத்தடிக்கு ஒன்றாகச் சாலை நெடுகிலும் அவை சிதறி நின்றால், நடந்து போகிறவர் ஒவ்வொரு வண்டியையும் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதே நூறு வண்டிகளும் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒரே இடத்தில் நின்றால், சாலை முழுவதும் திறந்து கிடக்கும். கரைந்து சிதறிய கரி முதல் நிலை. கார்பைடாகக் கூடி ஒதுங்கிய கரி இரண்டாம் நிலை. கார்பைடும் இரும்பைப்போல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதில்லை என்பது உண்மையே. ஆனால் அது இருக்கும் இடம் சிறிது. அதைச் சூழ்ந்துள்ள இரும்போ கரி நீங்கித் தூய்மை பெற்றுவிடுகிறது. மின்சாரம் அந்தத் தூய இரும்பின் வழியாகச் சென்றுவிடுகிறது.

இனிச் சில கணக்குகள். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் விட்டமும் உள்ள கம்பி ஒன்றை அளவுகோலாகக் கொள்வோம். செம்பில் செய்த அத்தகைய கம்பியின் தடை ஓர் ஓமில் 0.02 பங்கு. தூய இரும்பில் செய்தால் 0.12. அதாவது செம்பைப்போல் ஆறு மடங்கு. நூற்றுக்கு ஒரு பங்கு கரி முழுவதும் கரைந்து நின்றால் அதனால் மட்டும் ஏறத்தாழ 0.38 ஓம் கூடுகிறது. அதே கரி கார்பைடாக ஒதுங்கி நின்றால் கூடுவது சுமார் 0.06 அல்லது 0.07 ஓம்தான். கரி ஒன்றே, அது நிற்கும் விதத்தால் ஐந்தாறு மடங்கு வேற்றுமை.

இந்த வேற்றுமையை முதன்முதலில் முறையாக அளந்து நூலாக்கியவர்களுள் ஸ்ட்ரூஹால் என்ற செக் நாட்டவரும் பாரஸ் என்ற அமெரிக்கரும் குறிப்பிடத்தக்கவர்கள். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் ஒன்றாக வேலை செய்த அவர்கள், 1885-ஆம் ஆண்டில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் வெளியீடாகத் தம் முடிவுகளை அச்சிட்டனர். எஃகை நீரில் தோய்த்துக் கண்ணாடிபோல் கடினமாக்கி, பிறகு படிப்படியாகக் காய்ச்சி, ஒவ்வொரு படியிலும் தடையை அளந்தார்கள். கொல்லர்களும் இதே படிகளைத்தான் நிறத்தால் அறிகிறார்கள். தோய்ந்த உளியைத் தேய்த்துத் துலக்கி மறுபடி மெல்லச் சூடேற்றினால் அதன்மேல் முதலில் வைக்கோல் மஞ்சளும், பிறகு கருஞ்சிவப்பும், பிறகு நீலமும் ஓடும். மஞ்சள் ஏறத்தாழ 230 டிகிரியிலும் நீலம் ஏறத்தாழ 300 டிகிரியிலும் தோன்றும்.

அவர்கள் கண்ட அளவுகளை நாம் கொண்ட கம்பிக்குக் கணக்கிட்டுச் சொல்கிறேன். தோய்த்தவுடன், கண்ணாடிபோல் கடினமாக இருக்கும்போது, தடை 0.58 ஓம். மஞ்சள் நிறத்தில் நிறுத்தினால் 0.34. நீல நிறத்தில் நிறுத்தினால் 0.26. முழுவதும் மெல்ல ஆறி மென்மையாகிவிட்டால் 0.20.

இந்த நான்கு எண்களைச் சற்று உற்றுக் கவனிக்க வேண்டும். மொத்தத்தில் குறைந்தது 0.38 ஓம். அதில் 0.24 ஓம், அதாவது ஐந்தில் மூன்று பங்கு, மஞ்சள் நிறம் தோன்றுவதற்குள்ளாகவே குறைந்துவிட்டது. ஆனால் அந்த நிலையில் எஃகின் கடினம் சிறிதளவே தளர்ந்திருக்கும். அரத்துக்கு அது இன்னும் எளிதில் இணங்காது. நீலத்துக்குப் பிறகோ கதை தலைகீழ். கடினம் மளமளவென்று சரிகிறது, தடையோ 0.06 ஓம்தான் குறைகிறது.

இது ஏன்? கரி இரும்பின் இடுக்கை விட்டு வெளியேறுவது முதல் கட்டம். நூறு டிகிரி அளவிலேயே அது தொடங்கிவிடுகிறது. அப்போது தோன்றும் கார்பைடுத் துணுக்குகள் மிக மிக நுண்ணியவை. நெருக்கமாகச் சிதறியிருப்பதால் எஃகின் கடினத்தை அவை பெரிதும் காத்துக்கொள்கின்றன. ஆனால் மின்சாரத்துக்கு வழி திறந்தாயிற்று. வெப்பம் மேலும் ஏறும்போது நுண்துணுக்குகள் கரைந்து பெரிய துணுக்குகளோடு சேர்கின்றன. எண்ணிக்கை குறைந்து உருவம் பருக்கிறது. கடினம் அப்போதுதான் போகிறது. மின்சாரத்துக்கோ, ஏற்கெனவே ஒதுங்கிய வண்டிகள் பத்துப் பத்தாக நின்றால் என்ன, ஐம்பது ஐம்பதாக நின்றால் என்ன? சுருங்கச் சொன்னால், எவ்வளவு கரி கரைந்து நிற்கிறது என்பதை மின்தடை சொல்கிறது; ஒதுங்கிய கரி எவ்வளவு நுண்ணியதாக இருக்கிறது என்பதைக் கடினம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் எஃகின் கதை முழுமையாகும்.

இதனால் தொழிலுக்கு விளையும் பயனைச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்கான வில்களோ அச்சுகளோ ஆயிரக்கணக்கில் செய்யப்படுகின்றன. எல்லாவற்றையும் எண்ணெயில் தோய்த்தபின் மறுபடி காய்ச்சிப் பதப்படுத்தவேண்டும். கைத்தவறுதலாக ஒரு தட்டு மட்டும் இரண்டாவது உலைக்குப் போகாமல் மற்றவற்றோடு கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் பதப்படுத்தாத அந்த அச்சு, சாலையில் ஒரு குழியில் சக்கரம் இறங்கும்போது கண்ணாடிபோல் முறியலாம். வண்டியில் இருப்பவர்களின் உயிர் அந்த ஒரு தட்டைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒவ்வோர் அச்சையும் அறுத்துப் பார்க்க முடியுமா?

இங்கே மின்சாரம் துணைக்கு வருகிறது. மாறுமின்சாரம் ஓடும் கம்பிச் சுருள் ஒன்றினூடே அச்சைச் செலுத்தினால், அச்சின் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவற்றின் வலிமை சுருளின் மின்சாரத்தில் பிரதிபலிக்கிறது. 1879-ஆம் ஆண்டிலேயே ஹியூஸ் என்பவர் இம்முறையால் உலோகங்களை வேறுபடுத்திக் காட்டினார். எஃகைப் பொறுத்தவரை, சுருளில் காணும் மாறுதலுக்குக் கடத்துந்திறன் மட்டும் காரணமன்று. காந்தத்தை ஏற்கும் தன்மைக்கும் பெரும்பங்கு உண்டு. ஆயினும் அதுவும் கரி நிற்கும் விதத்தாலேயே மாறுவதால், பதப்படுத்தாத அச்சு சில நொடிகளில் அகப்பட்டுக்கொள்கிறது. அச்சுக்கு ஒரு கீறலும் இல்லை.

கரி ஒதுங்கினால் எப்போதும் நன்மையே என்று எண்ணிவிடக்கூடாது. மின்மாற்றியின் உள்ளே உள்ள எஃகுத் தகடுகளைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த மின்மாற்றிகள், புதிதாக இருந்தபோது நன்றாக வேலை செய்து, மாதங்கள் செல்லச் செல்ல வீணாகும் மின்சாரம் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு பொறியாளர்கள் திகைத்தனர். தகட்டில் கரைந்திருந்த மிகச் சிறிய அளவுக் கரியும் நைட்ரஜனும், மின்மாற்றியின் சாதாரணச் சூட்டிலேயே மெல்ல மெல்லத் துணுக்குகளாக ஒதுங்கியதே காரணம். மின்சாரத்துக்கு வழி சற்று எளிதாயிற்று. ஆனால் தகட்டினுள்ளே நொடிக்கு நூறு முறை திசை மாறவேண்டிய காந்தப் பகுதிகளின் எல்லைகள் அத்துணுக்குகளில் முட்டிக்கொண்டு நின்றன. தவிரவும், மின்மாற்றித் தகட்டில் மின்சாரம் எளிதாக ஓடுவதே நமக்கு வேண்டாத ஒன்று. ஓடினால் அது சுழல் மின்னோட்டமாகி வெப்பமாய் வீணாகும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குச் சிலிக்கானைக் கலந்து தடையை வேண்டுமென்றே உயர்த்துகிறார்கள். கரியை முடிந்தவரை முற்றிலும் நீக்கிவிடுகிறார்கள். இரவும் பகலும் ஓயாமல் இயங்கும் மின்மாற்றிகள் ஊருக்கு ஊர் இருக்கும் நம் நாட்டில், ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் சிறுதுளி பெருவெள்ளமாகிறது.

இதற்கு நேர்மாறான தேவை ரயிலில். 1984-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் நிலத்தடி ரயில் ஓடத் தொடங்கியபோது, சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்கு அருகே மின்சாரத்தைக் கொண்டுவர மூன்றாவது தண்டவாளம் ஒன்றும் எஃகில் இடப்பட்டது. சக்கரத்தைச் சுமக்கும் தண்டவாளம் தேயாமல் உழைக்கவேண்டும். ஆகவே அதில் கரி மிகுதி. ஏடு ஏடாக அடுக்கிய பேர்லைட்டு அமைப்பு அதற்கு வலிமை தருகிறது. மின்சாரத்தைச் சுமக்கும் தண்டவாளத்துக்கோ அந்த வலிமை தேவையில்லை. கரியும் மாங்கனீசும் குறைந்த மென்மையான எஃகே அதற்கு ஏற்றது. பெயரளவில் இரண்டும் எஃகு. ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று நன்றாகச் செய்யாது. பிற்காலத்தில் அமைத்த பாதைகள் பலவற்றில் அலுமினியத்தின்மேல் எஃகுப் பூண் இட்ட தண்டவாளம் வந்துவிட்டது.

இன்னும் ஓர் இடம் உண்டு. அனல் மின்நிலையங்களின் கொதிகலன் குழாய்கள் 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த அந்த எஃகில் கார்பைடுகள் மெல்ல வளர்ந்து, இரும்பில் கரைந்திருந்த அவ்வுலோகங்களையும் தம்முள் இழுத்துக்கொள்கின்றன. தடை சிறிது சிறிதாகக் குறைகிறது. குழாயின் வலிமையும் குறைகிறது. வெடித்தபின் அறிவதைவிட, மின்சாரத்தாலும் காந்தத்தாலும் ஒலியாலும் முன்கூட்டியே அறிவது மேல். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய சோதனை முறைகளை ஆராய்ந்துவரும் இடங்களுள் ஒன்று.

கல்லூரியில் பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இதையெல்லாம் அறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கரி மிகுந்த எஃகுக் கம்பி ஒரு மீட்டர், காய்ச்ச ஓர் அடுப்பு, ஒரு வாளி நீர், உங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ள கேரி ஃபாஸ்டர் பாலம் ஆகியவை போதும். ஆசிரியரின் மேற்பார்வையில் கம்பியைத் தோய்த்து, ஆறியபின் அளந்து, மஞ்சளில் ஒருமுறையும் நீலத்தில் ஒருமுறையும் நிறுத்தி மீண்டும் அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் கம்பி முழுவதும் குளிர்ந்தபின்பே அளக்கவேண்டும். சூடும் தடையைக் கூட்டுமாதலால் கணக்குத் தவறிவிடும். நான் சொன்ன எண்களே அப்படியே வராமற்போகலாம். கம்பிக்குக் கம்பி கரியின் அளவு வேறுபடும். ஆனால் அவை இறங்கும் வரிசை மாறாது.

பட்டடைக்கு அருகே குந்தி, உளியின் முனையில் ஓடும் நிறத்தைக் கண்கொட்டாமல் பார்த்திருந்து, மஞ்சள் முனைக்கு வந்த கணத்தில் சட்டென்று நீரில் அமிழ்த்துகிற கொல்லர், கரி எவ்வளவு ஒதுங்கவேண்டுமோ அவ்வளவு ஒதுங்கிய இடத்தில் அதை நிறுத்துகிறார். அவர் நிறத்தால் படித்ததை ஸ்ட்ரூஹாலும் பாரஸும் ஓமால் படித்தார்கள். இருவர் படித்ததும் ஒரே ஏடுதான்.